25ஆம் தேதி, சாயங்காலம் நாலு மணி

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காரலாம், முதல் வரிசை வழக்கம்போலக் காலியாகத்தான் கிடக்கிறது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "கிறிஸ்துமஸ்: குடும்பத்தோடா, நண்பர்களோடா, தனியாகவா?" பட்டிமன்றத்துக்கு வைக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். மூன்று அணி பேசி, நடுவர் கடைசியில் "குடும்பமே" என்று தீர்ப்புச் சொல்லி, நாமும் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். (சிரிப்பு.) நான் மூன்று விதமாகவும் இருந்து பார்த்துவிட்டேன், அதனால் எந்த அணியிலும் சேர முடியாமல் நிற்கிறேன். வீடு நிறைய ஆட்கள் இருந்தும் ஒரு கிறிஸ்துமஸ் தாங்க முடியாமல் போயிருக்கிறது. கூட ஒருவருமே இல்லாத ஒரு கிறிஸ்துமஸ், மதியத்துக்குப் பிறகு, நன்றாகவே போயிருக்கிறது. மதியம் வரைக்கும் எப்படிப் போனது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் மூலக்கதைக்கே போய்விடுவோம். குடிமதிப்பு, அதாவது மக்கள்தொகைக் கணக்கு, எழுதுவதற்காக நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல், நிறைமாதக் கர்ப்பிணியோடு ஒருவர் வருகிறார். சத்திரத்தில் இடமில்லை. பிள்ளை பிறக்கிறது, முன்னணையில், அதாவது மாட்டுத் தீவனத் தொட்டியில், கிடத்துகிறார்கள். பைபிளில் லூக்கா எழுதியிருப்பதைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பாருங்கள், அந்த இடத்தில் ஒரு அத்தை இல்லை, சித்தப்பா இல்லை, பிரசவம் பார்க்க வந்த தாய்வீட்டு ஆட்கள் என்று ஒருவரும் இல்லை. குழந்தையைப் பார்க்க முதலில் வந்தவர்கள் மேய்ப்பர்கள், ராத்திரி மந்தையைக் காவல் காத்துக்கொண்டிருந்தவர்கள். நம் பாஷையில் சொன்னால் நைட் ஷிஃப்ட்காரர்கள். முன்பின் தெரியாதவர்கள். பைபிளில் மத்தேயு சொல்கிற சாஸ்திரிகளும், அதாவது நட்சத்திரத்தைப் பார்த்து வந்த ஞானிகளும், வேறு தேசத்து ஆட்கள்தான். ஆக, முதல் கிறிஸ்துமஸ் குடியிருந்த ஊரில் நடக்கவில்லை, சொந்தபந்தம் கூடி நடக்கவுமில்லை.

பிறகு நம் மனதில் இருக்கிற அந்தப் படம், ஒரே வீட்டில் மூன்று தலைமுறை கூடி எல்லோரும் சிரிக்கிற படம், எங்கிருந்து வந்தது? அதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். 1848இல் லண்டன் பத்திரிகை ஒன்றில், விக்டோரியா மகாராணியும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளும் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கிற மாதிரி ஒரு சித்திரம் வந்தது. அது பரவியது. ஓவியர் வரைந்த சித்திரத்தில் குழந்தை அழாது, மருமகள் முகம் சுளிக்க மாட்டாள். நாமோ அதை வைத்து நம் வீட்டை அளந்து பார்க்கிறோம்.

குடும்பம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டு விஷயம் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் அப்பாதான் லூக்கா இரண்டாம் அதிகாரம் வாசிப்பார். அதில் சீரியா நாட்டுத் தேசாதிபதியின் பெயர் ஒன்று வரும், சிரேனியு. அப்பா வருடா வருடம் அந்த இடத்தில் தடுக்கி விழுவார். ஒரு வருடம் சிரோனியு, ஒரு வருடம் சினேரியு. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்காமல் பார்த்துக்கொள்வோம், அம்மா மட்டும் எங்களை முறைப்பார். அப்பா போன பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸில் அண்ணன் வாசித்தார். அந்த இடம் வந்தது. "சிரேனியு" என்று மிகச் சரியாக வாசித்துவிட்டார். வாசித்துவிட்டு அவருக்கே அடுத்த வரி ஓடவில்லை. யாரும் நிமிரவில்லை. அவ்வளவு பேர் இருந்த அறையில் ஆளுக்கொரு தீவாக உட்கார்ந்திருந்தோம். "அப்பா இதை எப்படிச் சொல்வார்" என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும், எல்லோருமே பேசியிருப்போம். திறக்கவில்லை. பண்டிகை நாளில் அழ வைக்கக் கூடாதாம், ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு அந்த நாளையே கல்லாக்கிவிட்டோம். நான் தாங்க முடியாமல் போனது என்று சொன்னேனே, அது இந்த வருடம்தான். அடுத்த வருடம் என் தங்கை பைபிளை வாங்கி, வேண்டுமென்றே "சினேரியு" என்று வாசித்தாள். வீடே சிரித்தது. அம்மா பழைய மாதிரி முறைத்தார், அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதனால் இந்த வருடம் யாரையாவது இழந்த வீடு உங்களுடையது என்றால், அவர் பெயரை யாராவது ஒருவர் எடுத்துவிடுங்கள். நாள் கெட்டுப்போகாது.

குடும்பக் கிறிஸ்துமஸுக்கு உடம்பு கொடுக்கிற விலையும் ஒன்று உண்டு. ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரை பதிவான ஏறக்குறைய 2 லட்சத்து 83 ஆயிரம் மாரடைப்புகளை எடுத்து, எந்த நாளில், எந்த மணியில் வந்தது என்று பார்த்தார்கள். 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அதாவது அந்த நாட்டில் குடும்பமே கூடுகிற நாளில், மாரடைப்பு வருகிற அபாயம் சாதாரண நாட்களைவிட 37 சதவீதம் அதிகம். உச்சம் ராத்திரி பத்து மணி வாக்கில். 75 வயதைத் தாண்டியவர்களுக்கும், சர்க்கரை, இதய நோய் ஏற்கனவே இருப்பவர்களுக்கும்தான் கூடுதல். இதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, ஆனால் கோபம், பதற்றம், துக்கம், மன அழுத்தம் இவற்றின் மேல்தான் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம். ராத்திரி பத்து மணி என்றால் நமக்குத் தெரியாதா, சாப்பாடு முடிந்து, பழைய பாகப்பிரிவினைப் பேச்சு மெல்லத் தலைகாட்டுகிற நேரம். (சிரிப்பு.) சிரிப்பு இருக்கட்டும். வீட்டுப் பெரியவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு "ஒன்றுமில்லை, வாயுதான், நீங்கள் பேசிக்கொண்டிருங்கள்" என்று சொன்னால் நம்பாதீர்கள். விருந்து கெடக் கூடாது என்றுதான் அவர் அப்படிச் சொல்வார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்னொன்று, இதைச் சிலருக்காக மட்டும் சொல்கிறேன். குடும்பம் என்றாலே அடியும் அவமானமும்தான் என்று வளர்ந்தவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். அவர்களிடம் "ஒரு நாள்தானே, பொறுத்துப் போ" என்று சொல்கிறோம். அந்த ஒரு நாளிலிருந்து தேறி வர அவர்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்பதில்லை. போகாமல் இருப்பதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, தனியாக இருந்த கதைக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது, லீவு கிடைக்கவில்லை. 25ஆம் தேதி காலையில் அறையில் நான் மட்டும். பத்து மணிக்கு வீட்டிலிருந்து வீடியோ கால். எல்லோரும் ஒரு நிமிடம் கையாட்டினார்கள், பிறகு யாரோ "இரு, இதோ வருகிறேன்" என்று போனை மேஜை மேல் மல்லாக்க வைத்துவிட்டுப் போனார்கள். இருபது நிமிடம் நான் எங்கள் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி, அதன் பக்கத்தில் ஒரு ஈரக்கறை, எப்போதாவது குறுக்கே போகிற ஒரு கை. சத்தம் மட்டும் எல்லாம் கேட்டது, சிரிப்பு, பாத்திரம், "அவன் லைனில் இருக்கானா?" என்று ஒரு குரல். கட் பண்ணவும் மனம் வரவில்லை, கூப்பிட்டு "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லவும் வெட்கம். போனே வராமல் இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது. வெளியூரில் இருக்கிற பிள்ளையை அழைக்கிறவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள் இதுதான். பதினைந்து பேர் சேர்ந்து ஒரு நிமிடம் கத்துவதைவிட, ஒருவர் மட்டும் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசுங்கள்.

மதியத்துக்கு மேல் என்ன செய்தேன்? பெரிதாக ஒன்றுமில்லை. குளித்தேன், நல்ல சட்டை போட்டுக்கொண்டேன், ஆலயத்துக்குப் போய் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், திரும்பி நடந்தே வந்தேன். காலையிலும் நான் தனிதான், சாயங்காலமும் தனிதான். காலையில் அந்தத் தனிமை என் மேல் வந்து விழுந்தது, சாயங்காலம் அதை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன், அந்தச் சட்டையைப் போல. இரண்டாவதற்குத் தமிழில் ஏகாந்தம் என்று தனியாக ஒரு சொல்லே இருக்கிறது. ஆனால் ஒருவரைப் பார்த்து "அவர் ஏகாந்தமாக இருக்கிறார்" என்று வெளியில் இருந்து நாம் முடிவு செய்ய முடியாது. அவரைத்தான் கேட்க வேண்டும்.

தனிமை என்றதும் நம் கண்முன் வருவது ஒரு தாத்தா, ஒரு ஜன்னல். உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2025இல் வெளியிட்ட அறிக்கை வேறு மாதிரி சொல்கிறது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமை பாதிக்கிறது, அதோடு தொடர்புள்ளதாகக் கணக்கிடுகிற மரணங்கள் வருடத்துக்கு 8 லட்சத்து 71 ஆயிரம். 13 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையாக உணர்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதிலும் பதின்வயதினர்தான் முன்னால் நிற்கிறார்கள். ஹாலில் எல்லோரோடும் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிற அந்தப் பையனையும் ஒரு பார்வை பாருங்கள். திட்டுவதற்கு அல்ல.

நண்பர்களோடு கொண்டாடுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது சுலபம். பழைய கணக்கு கிடையாது, "கல்யாணம் எப்போது" கிடையாது. ஒரே சிக்கல், அந்த நாளில் நண்பர்கள் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மிச்சம் இருப்பவர்களை யார் கூப்பிடுவது? நாம் கூப்பிடுகிற லட்சணம் எப்படி? "ஒரு நாள் வீட்டுக்கு வாங்களேன்." இது அழைப்பே இல்லை, விடைபெறுகிற வாக்கியம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். "பாவம், தனியாக இருப்பீர்களே, எங்களோடு வந்து சாப்பிடுங்கள்" என்பது அதைவிட மோசம். பாவம் என்ற சொல்லைச் சுமந்துகொண்டு எந்த மனிதன் படியேறுவான்?

1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், சாகலாமா என்று நினைப்பவர்கள் பேசுவதற்காக ஒரு தொலைபேசி வைத்தார். பின்னால் சமாரிட்டன்ஸ் என்ற பெரிய அமைப்பாக வளர்ந்தது இதுதான். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். அவரைப் பார்க்கக் காத்திருக்கிறவர்களுக்குக் காபி, டீ கொடுத்துப் பேச்சுக்கொடுக்கத் தொண்டர்கள் சிலர் இருந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் ஒன்றைக் கவனித்தார். வெளியே அந்தத் தொண்டர்களிடம் பேசிய பலர், அவரைப் பார்க்காமலேயே மனம் லேசாகித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். 1954இல் அந்தப் பேச்சைக் கேட்கிற வேலையையே தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது. அந்தத் தொண்டர்கள் ஆலோசனை சொல்லவில்லை, டம்ளரை நீட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள்.

ஆகவே கூப்பிடும்போது மணி சொல்லிக் கூப்பிடுங்கள். முடிகிற நேரத்தையும் சொல்லுங்கள், வருகிறவருக்கு எப்போது எழுந்திருப்பது என்ற தவிப்பு இருக்காது. முடிந்தால் ஒரு வேலை கொடுங்கள். அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கஷ்டம் இருக்கிறதே, அது ஒரு வெங்காயத்தை நறுக்கக் கொடுத்தால் போய்விடும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். மூன்று தடவை வற்புறுத்துவது நம் பண்பாடு என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

25 அன்றுதான் கூட வேண்டும் என்பதுமில்லை. பைபிளில் தேதியே கிடையாது. 25 டிசம்பர் என்று நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய ஆதாரம் நாலாம் நூற்றாண்டு ரோமாபுரியில் இருக்கிறது. அர்மீனியத் திருச்சபைக்கு ஜனவரி 6, ரஷ்யத் திருச்சபைக்கு ஜனவரி 7. உக்ரைன் 2023இல் சட்டம் போட்டு அரசு விடுமுறையையே ஜனவரி 7இலிருந்து டிசம்பர் 25க்கு மாற்றியது. தேசமே தேதியை மாற்றலாம் என்றால், நர்ஸாக இருக்கிற மகளுக்கு 25 டூட்டி, 28 லீவு என்கிறபோது அந்த வீட்டுக்கு 28தான் கிறிஸ்துமஸ். திருச்சபைக் கணக்கிலேயே கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு நாள் கிடக்கிறது.

இந்த வருடம் என் வீட்டில் எல்லோரும் வந்து சேர 29 ஆகிவிடும். 25 அன்று நாலு மணி வரை நான் தனி, அது நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட தனி. நாலு மணிக்கு எங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு கால் ஆடுகிறது, அவருக்கு அந்த வேலை தெரியும் என்று கேள்விப்பட்டேன். "வருகிறேன், ஆனால் என்னிடம் சாமான் எதுவும் இல்லை" என்றார். ஆகவே இங்கே யாரிடமாவது ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவர் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். 26 அன்று திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.