குறைகுடம் அடித்த காசு: பாரசீக மன்னர்களின் பட்டங்கள்

அவைத்தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்தில் பாதியை அன்போடு எடுத்துக்கொண்ட கல்லூரி முதல்வர் அவர்களே, சால்வை போர்த்திய நாணயவியல் கழகச் செயலாளர் அவர்களே, மழையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, கடைசி வரிசையில் சுண்டலுக்குக் காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பழைய பாரசீகக் காசுகளைப் பற்றி மூன்று விஷயம் குறித்து வந்திருக்கிறேன்: பட்டம், மகுடம், தீ. மூன்றுக்கும் சேர்த்து என் பாட்டி வாயில் அடிக்கடி வரும் பழமொழி ஒன்று போதும். நிறைகுடம் தளும்பாது, குறைகுடம் கூத்தாடும்.

முதலில் நிறைகுடம். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ் காலத்தில் தாரிக் என்ற பொற்காசு வந்தது. சுமார் 8.4 கிராம், நம் ஒரு பவுனைவிடக் கொஞ்சம் கூட. முடிசூடிய மன்னன் வில்லும் கையுமாக, முழங்காலை மடக்கி ஓடுகிறான். எழுத்து? ஒன்றுகூடக் கிடையாது. சிந்துவிலிருந்து எகிப்து வரை ஆண்டவன் காசில் தன் பெயரைக்கூடப் போடவில்லை. ஈரானில் உள்ள பெகிஸ்தூன் பாறையில் ‘மன்னர்மன்னன்’ என்று தன்னைப் பற்றி நீளமாக வெட்டி வைத்தவனும் இதே ஆள்தான். அவன் அரியணைக்கு வந்த வகையில் சிக்கல் உண்டு. அதை இப்போது கிளற வேண்டாம், என் பழமொழி கெட்டுவிடும்.

இந்த வில்லாளியைப் பற்றி ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவின் மன்னன் அகெசிலாஸ் படையோடு ஆசியாவில் இறங்கிப் பாரசீகர்களைப் பாடாய்ப்படுத்திக்கொண்டிருந்தான். எதிர்த்து நின்றால் செலவு அதிகம் என்று பாரசீகத் தரப்பு யோசித்தது. ரோட்ஸ் தீவுக்காரன் திமோகிராட்டிஸ் கையில் பொன்னைக் கொடுத்துக் கிரேக்கத்துக்கு அனுப்பினார்கள். தீப்ஸில் கொஞ்சம், கொரிந்தில் கொஞ்சம், ஆர்கோஸில் கொஞ்சம். யாரும் சிரிக்க வேண்டாம், நான் கிரேக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். பொன் போய்ச் சேர்ந்தது, அந்த ஊர்களெல்லாம் ஸ்பார்ட்டாவுக்கு எதிராகக் கிளம்பிவிட்டன. கி.மு. 394இல் அகெசிலாஸுக்கு ஊரிலிருந்து ஆள் வந்தது, உடனே திரும்பு என்று. மூட்டையைக் கட்டிக்கொண்டே சொன்னானாம்: “பாரசீக மன்னன் முப்பதாயிரம் வில்லாளிகளை விட்டு என்னை ஆசியாவைவிட்டே துரத்திவிட்டான்.” அத்தனை பேரும் காசில் இருந்த வில்லாளிகள்! பத்தாயிரம் என்றும் ஒரு கணக்கு உண்டு. மேடைக்கு முப்பதாயிரம்தான் எடுக்கும்.

சரி, குறைகுடத்துக்கு வருவோம். பின்னாளில் பாரசீகத்தை ஆண்ட பார்த்தியர்கள் புதிதாக வந்தவர்கள். அவர்களின் மன்னன் முதலாம் மித்ரிடேட்டஸ் கி.மு. 141இல் செலூக்கியாவைப் பிடித்தான். அது கிரேக்கர்கள் நிறைந்த நகரம். அங்கே அடித்த காசில் ‘கிரேக்கர்களின் நண்பன்’ என்று கிரேக்க எழுத்திலேயே போட்டுக்கொண்டான். இரண்டாம் மித்ரிடேட்டஸ் ‘மன்னர்மன்னன்’ ஆனான். அப்புறம் வந்தவர்கள் கொடையாளி, நீதிமான், கண்கண்ட தெய்வம் என்று காசின் ஓரத்தில் இடமில்லாமல் நிரப்பினார்கள். சொந்தப் பெயர் மட்டும் பெரும்பாலும் இருக்காது. எல்லாரும் ‘அர்சாக்’, அதாவது வம்சத்தின் மூத்தவன் பெயர். தாத்தா பெயரைச் சொல்லித்தான் நாற்காலி.

ரோமில் வளர்ந்த பார்த்திய இளவரசன் வோனோனஸ் கி.பி. 8 வாக்கில் வந்தான். தன் சொந்தப் பெயரையே போட்டான். போட்டிக்கு நின்ற அர்த்தபானஸை ஒருமுறை அடித்ததும் ‘அர்த்தபானஸை வென்ற மன்னன் வோனோனஸ்’ என்று காசு வெளியிட்டான். சில வருடத்தில் அதே அர்த்தபானஸ் திரும்பி வந்து அவனை அர்மீனியாவுக்கு ஓட்டினான். குறைகுடம் கூத்தாடும்!

பார்த்தியரை கி.பி. 224இல் வீழ்த்திச் சசானிய வம்சத்தைத் தொடங்கிய அர்தஷீர் இன்னும் ஒரு படி மேலே போனான்: ‘மஸ்தாவை வழிபடும் இறைத்திரு அர்தஷீர், ஈரானியரின் மன்னர்மன்னன், தேவர்களின் வித்து’. மஸ்தா என்பது அவர்களின் முழுமுதற் கடவுள். இதில் ஒரு வேடிக்கை. மன்னன் என்பதற்கு எழுதியிருப்பது ‘மல்கா’, அரமேயம் என்ற வேறொரு பழைய மொழியின் சொல். வாசிப்பதோ ‘ஷா’ என்று பாரசீகத்தில். சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் எழுத்து தெரிந்தவனும் தடுக்கி விழுவான்.

சொல்லித்தர ஆள் இல்லை என்பதுதான் என் குறை. சென்ற வருடம் ஓர் அருங்காட்சியகம் போனேன், பெயர் வேண்டாம். கண்ணாடிக்குள் ஒரு சசானிய வெள்ளிக்காசு. அட்டையில் ஆங்கிலத்தில் ‘வெள்ளி நாணயம், பாரசீகம்’, அவ்வளவுதான். எந்த மன்னன், என்ன எழுத்து, ஒன்றுமில்லை. காவலரைக் கேட்டேன். “பழைய காசுங்க ஐயா” என்றார். பாவம், அவர் என்ன செய்வார்? ஒவ்வொரு காசுக்கும் பக்கத்தில் தமிழில் மூன்று வரி வேண்டும்: என்ன எழுதியிருக்கிறது, எப்படி வாசிப்பது, என்ன பொருள். சொந்த ஊர்க் காசுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். மூன்று வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்?

செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். மகுடமும் தீயும் அடுத்த கூட்டத்துக்கு. அந்த மூன்று வரியைக் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். சுண்டலும் அதே மேசையில்தான், கையெழுத்துக்கு அப்புறம்.