பள்ளிக்கூட கேட்டுக்கு வெளிய நிக்காதீங்க

அதிபர் சேருக்கும் டீச்சர்மாருக்கும் வணக்கம். முன்னுக்கு இருக்கிற அம்மாமாருக்கும் பின்னாடி சுவத்தோட சாஞ்சு நிக்கிற அப்பாமாருக்கும் வணக்கம். இங்க கதிரை காலியா கெடக்கு, வந்து உக்காருங்க, காசு கேக்க மாட்டேன்.

சிரிக்கிறீங்க, ஆனா விஷயமே அதுதான். பெற்றோர் கூட்டம்னு லெட்டர் வந்தா நம்ம ஆளுங்க மொதல்ல கேக்குறது "எவ்வளவு கேப்பாங்க"ன்னுதான். இல்லாட்டி சிரமதானம், புல்லு வெட்டு, கானு வெட்டு, பெயின்ட் அடி. இதுக்கு மட்டுமே கூப்பிட்டுக்கிட்டு இருந்தா யாரு ஆசையா வருவாங்க, நீங்களே சொல்லுங்க.

நாம கேட்டுக்கு வெளிய நிக்கிறதுக்கு பழைய காரணமும் இருக்கு. இலங்கையில இலவசக் கல்வி 1945ல வந்துச்சு, அத கொண்டுவந்த கல்வி மந்திரி கன்னங்கராவ நாடே கும்பிடுது, ஆனா தோட்டத்துப் பள்ளிக்கூடங்கள அரசாங்கம் பெரும்பாலும் பொறுப்பெடுத்தது 1970களுக்குப் பிறகுதான். அதுவரைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கு கீழ ஒரு கட்டடம், அதுக்குள்ள அஞ்சு வகுப்பும் ஒண்ணா, பல எடத்துல ஒரே ஒரு வாத்தியார். நம்ம தாத்தாமாருக்கு பள்ளிக்கூடமும் தோட்டத்த நடத்துற தொரையோட ஆபீசு மாதிரிதான், கூப்பிட்டாதான் உள்ள போகணும், போனாலும் நின்னுக்கிட்டேதான் பேசணும். அந்தப் பயம் இன்னும் நம்ம கால்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. இப்ப பாடசாலை அபிவிருத்திச் சங்கம்னு ஒண்ணு இருக்குங்க, அதிபர் தலைவரு, ஆனா பிள்ளைய இங்க சேத்த ஒவ்வொரு தாய் தகப்பனும் அதுல உறுப்பினர்தான். கணக்கு கேக்கலாம், கேள்வி கேக்கலாம். கேளுங்க, மரியாதையா கேளுங்க.

அடுத்தது நேரம். இத டீச்சர்மார் கோவிக்காம கேக்கணும். வார நாள்ல காலை பத்து மணிக்கு கூட்டம் வச்சா கொழுந்தெடுக்கிற அம்மாவுக்கு அன்னைக்கு பேர் இல்ல, அதாவது நாள் சம்பளம் இல்ல, கெஞ்சிக் கூத்தாடினா அரைப்பேர். கூட்டத்துக்கு வராதவங்களுக்கு பிள்ளை மேல அக்கறை இல்லன்னு பேசுறாங்களே, அது எனக்கு சுத்தமா புடிக்காத பேச்சு, அந்த பேர் இருந்தாதான் அந்த பிள்ளைக்கு கொப்பியே வாங்க முடியும். இன்னொன்னு, பல வீட்டுல அப்பா கொழும்புல கடையில நிக்கிறாரு, அம்மா குவைத்துலயோ சவுதியிலயோ, வீட்டுல இருக்கிறது அப்பாயி அம்மாயிதான். அப்ப லெட்டர்ல அவங்களையும் சேத்து போடுங்க சேர், வாசிக்கத் தெரியாட்டி வாயால சொல்லி விடுங்க.

"எனக்கு எழுத்து தெரியாது, நான் வந்து என்னத்த கிழிக்க போறேன்"னு நெறைய அம்மாமார் சொல்றீங்க. அப்ப ஒண்ணு கேக்குறேன். காலை கொழுந்து நிறுவை ஏழு கிலோ, பகல் ஒம்பது, அந்தி ஆறு, சாக்குக்கும் ஈரத்துக்கும்னு மூணு கழிச்சிட்டாங்க, எத்தனை? பாருங்க, நான் முடிக்கல, அங்கேருந்து பத்தொம்பதுன்னு சத்தம் வருது! பேனாவும் இல்ல பேப்பரும் இல்ல. நாலாம் ஆண்டு பிள்ளைக்கு இதத்தானே டீச்சர் போர்டுல எழுதி எழுதி காட்டுறாங்க. ஒரு நாள் ஒரு அம்மா கூடையும் தராசுமா வகுப்புக்கு வரட்டும், பிள்ளைங்களே நிறுக்கட்டும், கழிக்கட்டும். மாசி மாசம் காமன் கூத்துல தப்படிக்கிற அப்பாமார் இருக்கீங்க, ஒரு பாட்டு ரெண்டு அடி சொல்லிக் குடுத்தா தமிழ் பாடமும் ஆச்சு, நம்ம சொத்தும் ஆச்சு. இதுக்கு சர்ட்டிபிகேட் வேணாம்.

ஆனா ஒரு கண்டிப்பு. உதவிக்கு வர்றவங்க யாரா இருந்தாலும் ஒரு பிள்ளையோட தனியா ரூமுக்குள்ள இருக்கக்கூடாது, டீச்சர் கூட இருக்கணும். வகுப்புக்குள்ள வந்து "என் மகனுக்கு ஏன் மார்க் கொறைஞ்சிச்சு"ன்னு பிள்ளைங்க முன்னுக்கு சண்டை போடுறதும் வேணாம், அதுக்கு வேற நேரம் இருக்கு.

மழைக் காலம் வருது. சின்னதுங்க தேயிலைக்கு நடுவுல குறுக்குப் பாதையில வழுக்கி வழுக்கித்தான் வருதுங்க. ஒரு லயத்து வீட்டு வரிசைக்கு ஒரு ஆள்னு முறை போட்டுக்கிட்டா எல்லாத்தையும் ஒண்ணா கூட்டிட்டு வரலாம். வர்ற வழியில மரத்துல குளவிக் கூடு கண்டா கல்லு எறியாம, நெருப்பு வைக்காம உடனே அதிபருக்கு சொல்லுங்க, குளவி கொட்டி எத்தன பேரு ஆஸ்பத்திரிக்கு போயிருக்காங்கன்னு ஒங்களுக்கு தெரியாதா என்ன.

ஸ்கொலர்ஷிப் பரீட்சை பத்தி பேசல்லன்னு பாக்குறீங்க. அஞ்சாம் ஆண்டு வந்தவொடன மட்டும் ஓடி வர்ற பெற்றோர் ஒண்ணாம் ஆண்டுலயே வந்திருந்தா டியூஷன் காசுல பாதி மிச்சம், அவ்வளவுதான் சொல்லுவேன். ராத்திரி பத்து நிமிஷம் பிள்ளைய சத்தமா வாசிக்க சொல்லுங்க. ஒங்களுக்கு வாசிக்க தெரியாட்டியும் "அப்புறம் என்ன ஆச்சு"ன்னு கேக்க தெரியும்ல, அது போதும்.

சரி சேர், ஒங்க அனுமதியோட இப்பவே கேட்டுடுறேன். அடுத்த சங்கக் கூட்டம் எப்ப வைக்கலாம்? ஞாயித்துக்கிழமை காலையில அறநெறி வகுப்பு இருக்கு, சில பேரு கைக்காசுக்கு, கிலோ கணக்குல காசு வாங்கி கொழுந்தெடுக்கவும் போறீங்க. சனிக்கிழமை அந்தி நிறுவை முடிஞ்ச பெறகா, இல்ல ஞாயித்துக்கிழமை அந்தி மூணு மணிக்கா? மொதல்ல சனிக்கிழமைக்காரங்க கைய தூக்குங்க, பின்னாடி நிக்கிற அண்ணன்மாரும்தான்.