எழுதியிருந்தால்தான் செப்சிஸ்

வணக்கம் மக்களே. ஆனையூர் மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்பது பக்கத்து வீட்டு மோட்டார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவம் படிக்கிற என் சித்தி பையன் நேற்று போனில் கேட்டான்: "அக்கா, ஏ41.9 கோடு இருக்கிறவர்களை எல்லாம் இழுத்து எண்ணினால் செப்சிஸ் கணக்கு வந்துவிடும்தானே?" செப்சிஸ் என்றால் தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கிற ஆபத்தான நிலை. கோடு (code) என்றால் பில்லுக்காக ஒவ்வொரு நோய்க்கும் போடுகிற குறியீடு; செப்சிஸுக்கு ஏ41.9. ஆறு வருடமாக ராத்திரி ஷிப்டில் அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளுக்கு, அதாவது சிகிச்சைக் குறிப்புகளுக்கு, கோடு போடுகிறவள் நான். சிரிப்புதான் வந்தது.

நிஜ சார்ட்டைக் காட்டினால் என் வேலை போய்விடும். மாதிரிக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பாட்டிக்குக் காய்ச்சல், பிபி 84/50 என்று இறங்கிவிட்டது, உடல் திணறுவதைக் காட்டும் ரத்த அளவான லாக்டேட் 4.1, சிறுநீரகம் எப்படி என்று சொல்லும் கிரியாட்டினின் இரண்டு மடங்கு. இது செப்சிஸ் என்று படிக்கிற எனக்கே புரிகிறது. ஆனால் டாக்டர் எழுதியது 'யூரோசெப்சிஸ்' என்ற ஒரே சொல். அமெரிக்காவின் நோய்க் கோடுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் அந்தச் சொல்லுக்குக் கோடே கிடையாது. லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து நானாகப் போடவும் கூடாது. டாக்டரிடம் விளக்கம் கேட்டு எழுத வேண்டும். 'செப்சிஸ்' என்று பதில் வந்தால் ஏ41.9. 'சிறுநீர்த் தொற்று' என்று மட்டும் வந்தால் அதற்கு உண்டான என்39.0, அவ்வளவுதான். பாட்டி தம்பியின் கணக்கில் இல்லை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2017-இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு, அமெரிக்காவில் 409 மருத்துவமனைகள். சார்ட்டைத் திறந்து படித்து ஒப்பிட்டபோது, செப்சிஸ் என்று நேரடியாகச் சொல்லும் கோடுகள் உண்மையான நோயாளிகளில் 32 சதவீதம் பேரைத்தான் பிடித்தன. பிடித்தவரையில் நாலில் மூன்று சரி. ஆக, கோடு பொய் சொல்வதை விடச் சொல்லாமல் விடுவதுதான் அதிகம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று, மைக்கில் 'காணவில்லை' என்று கூப்பிட்ட பெயர்களை எண்ணிக் கூட்டத்தைக் கணக்குப் போட்ட மாதிரி.

அடுத்த வருடம் இரண்டு மைக் கூடுதலாக வைத்தால் பெயர்களும் கூடும். கூட்டம் கூடிவிட்டதா? அதே ஆய்வில் 2009 முதல் 2014 வரை பில் கோடுகளின்படி செப்சிஸ் வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் ஏறியது. நோயாளியின் அளவுகளை வைத்து எண்ணினால் ஏறக்குறைய அப்படியே நின்றது. டாக்டர்கள் கவனித்து எழுத ஆரம்பித்தார்கள், எழுதினால் பில்லும் கூடும். எனக்கு இரண்டாவது காரணம்தான் பெரிதாகத் தெரிகிறது. பில் பக்கம் உட்கார்ந்திருக்கிற புத்தி.

சரி, வேறு என்ன செய்வது? ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் எடுத்தார்களா, புதிதாக ஆரம்பித்த ஆன்டிபயாடிக் நான்கு நாள் தொடர்ந்ததா, அதை ஒட்டி லாக்டேட் ஏறியதா அல்லது வென்டிலேட்டரோ பிபியைத் தூக்கும் மருந்தோ தேவைப்பட்டதா என்று பார்க்கலாம். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி வைத்திருக்கும் வரையறை ஏறக்குறைய இதுதான். நான்கு நாளுக்குள் இறந்தவர்களுக்கு அதில் தனி விதி உண்டு.

தம்பியிடம் ஐம்பது கேஸ் ஷீட்டாவது கையால் புரட்டச் சொன்னேன். கோடு இல்லாத ஷீட்டுகளையும் சேர்த்துத்தான். "முதலிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா" என்கிறான், பாதி எண்ணி முடித்துவிட்டானாம்!

ஐயோ, தொட்டி வழிகிறது. மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு வருகிறேன், இருங்கள்.