ஒப்பன்ஹைமர் பூங்கா யார் பெயரில் இருக்கிறது?

அடுத்த கேள்வி கனடாவின் வான்கூவரிலிருந்து வந்திருக்கிறது. "எங்கள் ஊரில் ஒப்பன்ஹைமர் பூங்கா என்று ஒன்று இருக்கிறது, அது அணுகுண்டு விஞ்ஞானியின் பெயரா? இங்கே மேயராக இருந்த ஒரு யூத வியாபாரி என்கிறார்கள். அப்படியானால் தன் நிலத்துக்கு விலை ஏற்றத்தானே அவர் மேயரானார்?" என்று கேட்கிறார் ஒரு நேயர்.

சரி, முதல் பாதிக்குப் பதில் சுலபம். விஞ்ஞானி ராபர்ட் ஒப்பன்ஹைமர் பிறந்தது 1904-ல். உங்கள் ஊர் மேயர் டேவிட் ஒப்பன்ஹைமர் 1897 டிசம்பர் 31 அன்றே இறந்துவிட்டார். ஆள் வேறு, கதை வேறு.

டேவிட் 1834-ல் ஜெர்மனியின் பிளீஸ்காஸ்டல் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1848-ல் அண்ணன் தம்பிகளோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறி நியூ ஆர்லியன்ஸ் வந்தார். அங்கிருந்து கலிபோர்னியா, அப்புறம் உங்கள் வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா, எங்கெல்லாம் தங்கம் கிடைத்ததோ அங்கெல்லாம் போனார்கள். ஆனால் தோண்டுவதற்கு அல்ல, தோண்டுகிறவர்களுக்கு மாவு, பன்றி இறைச்சி, மண்வெட்டி விற்பதற்கு. யேல் என்ற ஊரில் கடை, மலைக்கு மேலே பார்க்கர்வில்லில் இன்னொரு கடை. 1868-ல் பார்க்கர்வில் ஊரே எரிந்து போனது, அதற்குப் பிறகும் வியாபாரத்தை விடவில்லை.

ரயில் பாதை கடற்கரை வரை வரப்போகிறது என்று தெரிந்ததும் வான்கூவரில் நிலம் வாங்கிப் போட்டார்கள். ஆமாம், நிறைய வாங்கினார்கள், நகரத்தின் கிழக்குப் பக்கத்தில். அதில் மறைக்க ஒன்றுமில்லை, அன்றைக்கே ஊரில் அதைக் கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் 1886 ஜூனில் அந்த ஊர் ஒரு மணி நேரத்துக்குள் சாம்பலானதையும் சேர்த்துப் பாருங்கள். நகராட்சி கூடாரத்தில் நடந்தது. அதிலிருந்து இரண்டு வருடத்தில், 1888-ல் இவர் மேயராகிறார், 1891 வரை நான்கு முறை, ஒவ்வொன்றும் ஒரு வருடம், சம்பளம் வாங்காமல். அந்தக் காலத்தில்தான் கபிலானோ ஆற்றுத் தண்ணீர் கடலுக்கு அடியில் குழாய் வழியாக ஊருக்குள் வந்தது, 1890-ல் மின்சார டிராம் ஓடியது. அவருடைய மனைக்கும் விலை ஏறியிருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தீயில் எரிந்த ஊருக்குத் தண்ணீர் வந்ததை வெறும் மனை வியாபாரம் என்று சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

என்னை உறுத்துவது வேறு விஷயம். 1888 செப்டம்பரில் ஸ்டான்லி பூங்காவைத் திறந்து வைத்தவர் இவர்தான். அதைச் சுற்றிப் போட்ட சாலை அங்கே காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடி மக்களின் குடியிருப்புக்குள் புகுந்து போனது, அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்ட சிப்பி ஓடுகளை அள்ளித்தான் அந்தச் சாலைக்கே பரப்பினார்கள். அந்த மக்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. மேயரைப் பற்றிப் பேசும்போது நிலவிலையைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியில் அவர் பெரிய பணக்காரராகச் சாகவும் இல்லை. 1890-களின் சரிவில் அவர் பணம் போட்ட டிராம் கம்பெனி நொடித்தது. உடலை நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டு போய் மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ஸ்டான்லி பூங்காவுக்குப் போனால், பீச் அவென்யூ பக்கம் 1911-ல் வைத்த அவருடைய மார்பளவுச் சிலை இருக்கும், பாருங்கள்.