சேடப்பட்டி என்றொரு தொகுதி இருந்தது

(மதுரை மாவட்டம் எழுமலையில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் பின்வரிசையில் நிற்கிற தம்பிகளுக்கும் வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் ஒரு கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் விலக்கில் பஸ்ஸுக்கு நிற்கிற நிழற்குடை ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் முழங்கை நீளத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இரண்டு முறை சுண்ணாம்பு அடித்ததில் எழுத்துகள் பாதி மூடிவிட்டன. நகத்தால் சுரண்டினால் ‘சேடப்பட்டி சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதி’ என்ற வரி மட்டும் தெரிகிறது. போன மாதம் அங்கே நின்ற காலேஜ் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, "அப்படி ஒரு தொகுதியே கிடையாதே, அண்ணே?" என்றான். அவன் முதல் ஓட்டையே உசிலம்பட்டித் தொகுதியில் போட்டவன். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இன்றைக்கு இங்கே விரித்துச் சொல்லப் போகிறேன்.

நம் பக்கத்தில் ஓட்டு என்பது எங்கிருந்து தொடங்குகிறது? பெருங்காமநல்லூரிலிருந்துதான் தொடங்க வேண்டும். சில சாதிகளைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று எழுதிவைத்த வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தை நம் தாத்தாமார் ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். ஆண்பிள்ளைகள் எல்லாரும் கைரேகை பதிய வேண்டும். ராத்திரியானால் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்து நின்ற அந்த ஊர் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் செத்தார்கள். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர். சட்டம் 1947-இல்தான் நீங்கியது. அடுத்த ஐந்தே வருடத்தில், 1952-இல், முதல் பொதுத்தேர்தல். ரேகைப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறியது. பின்னால் ஓட்டுச்சாவடியில் விரலில் மை வைக்கிற வழக்கம் வந்தபோது, ரேகை வைத்த அதே கையை நீட்டியவர்கள் இந்த ஊர்களில் இருந்தார்கள். அந்த ஒரு சொட்டு மையின் அருமையை நம்மைவிட யாருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்?

சரி, தொகுதிக்கு வருவோம். 1977-இலிருந்து பார்க்கலாம். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. சார்பில் இரா. முத்தையா ஜெயித்தார். 1980-இலும் 1984-இலும் அவரே. கட்சி இரண்டாகப் பிரிந்து நின்ற 1989-இல் தி.மு.க.வின் அ. அதியமான் வந்தார். 1991-இல் மறுபடியும் முத்தையா. 1996-இல் தி.மு.க.வின் கோ. தளபதி. 2001-இலும் 2006-இலும் அ.தி.மு.க.வின் சி. துரைராஜ். அத்தோடு பட்டியல் முடிந்துபோகிறது.

இந்தப் பட்டியலைத் தமிழ்நாட்டுப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1977 முதல் 2001 வரை ஏழு தேர்தல். ஏழிலும் கோட்டையைப் பிடித்த கட்சிதான் சேடப்பட்டியிலும் ஜெயித்திருக்கிறது. சென்னையில் ஆட்சி மாறினால் இங்கேயும் ஆள் மாறியிருக்கிறார். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருந்தால்தான் ரோடு வரும், தண்ணீர் டேங்க் வரும் என்று நம் பெரியவர்கள் கணக்குப் போட்டதாக நான் நினைக்கிறேன். மானாவாரிச் சீமைக்காரனுக்கு அந்தக் கணக்கு தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். 2006-இல் மட்டும் கணக்கு மாறியது. ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது, சேடப்பட்டி அ.தி.மு.க.விடம் நின்றது. அதுவே கடைசித் தேர்தலாகவும் ஆகிவிட்டது.

முத்தையாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும். 1991 முதல் 1996 வரை அவர் சட்டப்பேரவைத் தலைவர். கண்மாய் வற்றினால் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுக் கிளம்புகிற பூமியிலிருந்து போன ஒருவர், 234 பேரையும் ‘உட்காருங்கள்’ என்று சொல்கிற நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி டி.வி. செய்தியில் சேடப்பட்டி என்ற பெயர் வந்தால் வீட்டில் பேச்சு நின்றுபோகும். கட்சி பிடிக்காதவர்கள்கூடக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். 1998-இல் பெரியகுளத்திலிருந்து மக்களவைக்குப் போய், வாஜ்பாய் அமைச்சரவையில் தரைவழிப் போக்குவரத்து அமைச்சரானார். வழக்கு ஒன்றின் காரணமாகச் சில வாரங்களிலேயே விலக வேண்டி வந்தது. பின்னால் தி.மு.க.வுக்குப் போனார். 2022 செப்டம்பரில் காலமானார். அவருடைய அரசியலை இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எடை போடுவீர்கள். எனக்கு ஒரு விஷயம்தான் முக்கியம். தொகுதி போய்ப் பதினாலு வருடம் கழித்தும், அவர் மறைந்த செய்தியில் ‘சேடப்பட்டி முத்தையா’ என்றுதான் போட்டார்கள். தொகுதியின் பெயரை வரைபடத்தில் அழித்துவிட்டார்கள். அவர் பெயருக்கு முன்னால் அது அப்படியே இருந்தது.

தொகுதி ஏன் போனது? யாரோ நம்மீது கோபப்பட்டு எடுத்துவிட்டதாகச் சிலர் இன்னும் சொல்கிறார்கள். விஷயம் அதைவிடச் சாதாரணம், அதனாலேயே எனக்கு வலிக்கிறது. 1971 கணக்கெடுப்பை வைத்து வரைந்த எல்லையைத்தான் முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். பிறகு நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த ஆணையம் 2001 கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு எல்லைகளைத் திருத்தியது. 2008-இல் அது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கு மொத்தம் 234 தொகுதி என்பது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 6 கோடியே 24 லட்சம் மக்களை 234-ஆல் வகுத்தால், தொகுதிக்குச் சுமார் 2 லட்சத்து 67 ஆயிரம் பேர். இந்த அளவுக்கு வராத தொகுதிகளைச் சேர்த்தார்கள், மிஞ்சிய தொகுதிகளைப் பிரித்தார்கள்.

மதுரை மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். முன்பும் பத்துத் தொகுதி, பின்பும் பத்துத் தொகுதி. சேடப்பட்டியும் சமயநல்லூரும் போயின. மதுரை வடக்கும் மதுரை தெற்கும் வந்தன. கிராமத்திலிருந்து எடுத்த இரண்டு நாற்காலியை டவுனில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இதில் எனக்கு மறக்க முடியாத ஒன்று உண்டு. 1996-இல் சேடப்பட்டிக்கு எம்.எல்.ஏ.வாக இருந்த தளபதிதான் 2021-இல் மதுரை வடக்கில் ஜெயித்தார். ஜனம் போன வழியிலேயே உறுப்பினரும் போயிருக்கிறார்.

ஜனம் ஏன் போனது? உங்களுக்கே தெரியும். மழையை நம்பிய நிலம். வைகை அணைத் தண்ணீரை 58 கிராமக் கண்மாய்களுக்குக் கொண்டுவரும் கால்வாய்க்காக நம் பக்கத்து மக்கள் போராடிய காலத்தில் ஒரு தலைமுறையே முடிந்துபோனது. சோதனை ஓட்டமாகத் தண்ணீர் வந்ததே 2018-இல்தான். அதற்குள் பிள்ளைகள் திருப்பூருக்குப் போனார்கள், கேரளாவுக்குப் போனார்கள், முறுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பாஷை தெரியாத ஊர்களுக்கெல்லாம் போனார்கள். தண்ணீர் இல்லாததால் ஆள் குறைந்தது, ஆள் குறைந்ததால் தொகுதி போனது. தண்ணீருக்காகப் பேச வேண்டிய குரலும் அத்தோடு குறைந்தது. தலையை மட்டும் எண்ணிப் பங்கு போடுகிற எந்தக் கணக்கும் வறண்ட பூமிக்கு இரண்டு தடவை நட்டம் வைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று. சேடப்பட்டியும் எழுமலையும் உசிலம்பட்டித் தொகுதிக்குள் வந்தன. பேரையூர் திருமங்கலம் தொகுதியில் இருக்கிறது. அதே சமயத்தில் பெரியகுளம் மக்களவைத் தொகுதியும் மறைந்து தேனி ஆனது. இப்போது எழுமலைக்காரர் தேனி எம்.பி.க்கு ஓட்டுப் போடுகிறார். பேரையூர்க்காரர் விருதுநகர் எம்.பி.க்குப் போடுகிறார். இரண்டு பேருக்கும் தாலுகா ஆபீஸ் பேரையூர்தான், கலெக்டர் ஆபீஸ் மதுரைதான். மாமனும் மச்சானும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நகலை இரண்டு எம்.பி. ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு அலைகிறார்கள். முதியோர் பென்ஷன் நின்றுபோனதற்காக என் அத்தை ஒருவர் அப்படித்தான் அலைந்தார். ஒரு ஆபீஸில் மனுவைப் படித்துக்கூடப் பார்க்காமல், "நீங்க அந்தத் தொகுதிம்மா" என்று திருப்பி அனுப்பினார்கள். எழுபது வயதில் இரண்டு பஸ் மாறிப் போனவருக்குக் கிடைத்த பதில் அது.

அடுத்த தொகுதி மறுவரையறையில் வடக்கே தொகுதிகள் கூடி நம் மாநிலத்தின் பங்கு சுருங்கிவிடும் என்று தமிழ்நாடே கவலைப்படுகிறது. நியாயமான கவலை, நானும் படுகிறேன். மேடையில் அதைப் பேசுகிற தலைவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாநிலத்துக்குள்ளே பட்டணத்துக்கும் கிராமத்துக்கும் இடையில் இதே சுருக்கம் 2008-இலேயே நடந்துவிட்டது. பங்கு சுருங்கினால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் எங்களைக் கேளுங்கள். ஒரு தொகுதியின் பரப்பையும், அதன் ஓரத்துக் கிராமம் எம்.எல்.ஏ. ஆபீஸிலிருந்து எத்தனை பஸ் தள்ளி இருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுங்கள்.

அப்புறம், நான் வந்த முக்கியமான வேலை. சேடப்பட்டித் தொகுதி என்று அச்சடித்த எதுவாக இருந்தாலும் எனக்கு வேண்டும். பூத் சிலிப், தேர்தல் நோட்டீஸ், பழைய வாக்காளர் அடையாள அட்டை, எம்.எல்.ஏ. கையெழுத்துப் போட்ட சிபாரிசுக் கடிதம் எல்லாம் உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில் கிடக்கும். கொடுக்க மனம் இல்லை என்றால் போட்டோ எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணியிலிருந்து இதே இடத்தில் இருப்பேன். நிழற்குடைக் கல்லுக்கு இந்தப் பொங்கலுக்கு யாராவது சுண்ணாம்பு அடிக்க வந்தால், தயவுசெய்து அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.