மாடிக்கும் தரைத்தளத்துக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம். ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கத்தில் 1962-இல் வெளிவந்த படம் ‘வாட் எவர் ஹேப்பன்ட் டு பேபி ஜேன்?’. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, ஜேனாக நடித்த பெட்டி டேவிஸ், அவள் சகோதரி பிளாஞ்சாக நடித்த ஜோன் கிராஃபோர்ட் இருவரின் பகைதான் முன்னால் வந்து நிற்கிறது. படத்துக்கு இழைக்கப்படும் அநியாயம் அது. இதிலுள்ள பயம் வீட்டின் அமைப்பிலிருந்து பிறப்பது.

1917-இல் மேடையைக் கலக்கிய குழந்தை நட்சத்திரம் ஜேன். 1935-இல் நிலைமை தலைகீழ். சகோதரி பிளாஞ்ச் சினிமாவில் உச்சத்தில் இருக்கிறாள். அவளுடைய ஒப்பந்த நிபந்தனையால்தான் ஜேனுக்குப் படமே கிடைக்கிறது. பிறகு ஒரு கார் விபத்து. பிளாஞ்சின் கால்கள் செயலிழக்கின்றன. பல ஆண்டுகள் கழித்து, லாஸ் ஏஞ்சலிஸில் ஒரே வீட்டில் இருவரும் முதுமையை நெருங்குகிறார்கள்.

மாடி அறையில் சக்கர நாற்காலியில் பிளாஞ்ச். ஜன்னலில் இரும்புக் கம்பிகள். ஜேனைக் கூப்பிட ஒரு மணி, வெளியுலகோடு பேச ஒரு தொலைபேசி. ஆல்ட்ரிச் இவற்றை முதலில் நிதானமாகக் காட்டிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பறிக்கிறார். மாடியில் தொலைபேசி போய்விடுகிறது. மூடிய தட்டில் சாப்பாட்டுக்குப் பதிலாக அவள் வளர்த்த பறவை வருகிறது. அதன்பின் தட்டு மூடியைத் திறப்பதற்கே நமக்கும் கை நடுங்கும்.

மாடிப்படிக் காட்சியைக் கவனியுங்கள். கைப்பிடியைப் பற்றித் தொங்கியபடி பிளாஞ்ச் கீழே இறங்குகிறாள். நடுநடுவே, வெளியே போன ஜேனைக் காட்டுகிறார்கள். எல்லோரும் சில நொடிகளில் கடக்கும் படிகள். அவளுக்கோ உயிர்ப் போராட்டம். எப்படியோ தொலைபேசியை எட்டி மருத்துவரிடம் பேசும்போது ஜேன் வந்து நிற்கிறாள். அடித்து உதைத்துவிட்டு, பிளாஞ்சின் குரலிலேயே மருத்துவரிடம் பேசி, வரவேண்டாம் என்கிறாள். வாயசைப்பு டேவிஸ்; ஒலிப்பது கிராஃபோர்டின் சொந்தக் குரல். குரலைக்கூடச் சகோதரியிடமிருந்து பறித்துவிட்டாள் என்று இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியாது.

ஒளிப்பதிவாளர் எர்னஸ்ட் ஹாலர். டேவிஸுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த 1938-ஆம் ஆண்டின் ‘ஜெசபெல்’, கிராஃபோர்டுக்கு வாங்கித் தந்த 1945-ஆம் ஆண்டின் ‘மில்ட்ரெட் பியர்ஸ்’ இரண்டையும் படம்பிடித்தவர் அவரே. அன்று அழகூட்டியவர், இங்கே ஒரு சுருக்கத்தையும் மறைக்கவில்லை. டேவிஸ் தன் ஒப்பனையைத் தானே போட்டுக்கொண்டார். முகம் கழுவாமல் பவுடர் மேல் பவுடராக அப்பிக்கொள்பவள் ஜேன் என்பது அவர் கணிப்பு.

பழைய நட்சத்திரங்களாகக் காட்ட இருவரும் 1930-களில் நிஜமாக நடித்த படங்களையே எடுத்துச் செருகியிருக்கிறார்கள். தொலைக்காட்சியில் பிளாஞ்ச் தன்னைப் பார்த்துப் பூரிப்பது, கிராஃபோர்ட் 1934-இல் நடித்த ‘சேடி மெக்கீ’ காட்சிகளை. இந்த ஒரு வேலையை எந்த ஒப்பனையாலும் செய்திருக்க முடியாது.

இந்தப் படம் ஓடியதும், வயதான நாயகிகளை வைத்துத் திகில் படங்கள் வரிசை கட்டின. பலவற்றில் கோடரியும் அலறலும் இருந்தன. பயம் ஊறி வருவதற்கான இடமும் அவகாசமும் இல்லை.

முடிவை இங்கே உடைக்கமாட்டேன். ஆனால் 1935 விபத்துக் காட்சியில் ஓட்டியவரின் முகம் தெரிகிறதா, அல்லது ஓட்டியது இன்னார் என்று நாமே தீர்மானித்துவிடுகிறோமா என்று மட்டும் பாருங்கள். வணக்கம்.