மழை விட்டதும் வெளியே வராதீர்கள்: டொர்னாடோவுக்கு முன் வானத்தில் பார்க்க வேண்டியவை

[திரை: ஓக்லஹோமா சமவெளி. தூரத்தில் கருத்துத் திரண்ட மேகம்.]

டொர்னாடோ என்றால் மேகத்திலிருந்து தரைவரை தொங்கும் துதிக்கைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அது தெரியும்வரை காத்திருப்பது ஆபத்து. சில டொர்னாடோக்களில் அந்தத் துதிக்கை கண்ணுக்கே தெரியாது. 1925 மார்ச் 18 அன்று மிசூரி, இல்லினாய், இந்தியானா என மூன்று அமெரிக்க மாநிலங்களைக் கடந்து 695 பேரைக் கொன்ற டொர்னாடோவைப் பார்த்த பலர், தரையோடு உருண்டு வரும் கருமேகம் என்றுதான் நினைத்தார்கள்.

தமிழ்ச் செய்திகளில் கடல் புயலையும் 'சூறாவளி' என்கிறார்கள், இதையும் 'சூறாவளி' என்கிறார்கள். இரண்டும் வேறு. வங்கக் கடலில் உருவாகும் புயலைப் பற்றி நாள்கணக்கில் முன்பே தகவல் வந்துவிடும். டொர்னாடோவுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதனால்தான் வானத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

[வரைபடம்: மேலிருந்து பார்க்கும் இடிமேகம். வடகிழக்கு நோக்கி அம்புக்குறி.]

வலுவான டொர்னாடோக்கள் பெரும்பாலும் சூப்பர்செல் எனப்படும் சுழலும் இடிமேகத்தில் பிறக்கின்றன. அமெரிக்கச் சமவெளியில் இது பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நகரும். மழையும் ஆலங்கட்டியும் கொட்டுவது இதன் முன்பகுதியில். டொர்னாடோ இறங்குவது பின்பகுதியில், தென்மேற்கு மூலையில்.

அப்படியென்றால் அதன் பாதையில் நிற்பவருக்கு முதலில் கனமழை வரும். அடுத்து ஆலங்கட்டி, சில நேரம் எலுமிச்சம்பழ அளவில். பிறகு சட்டென்று மழை விடும், காற்றும் அடங்கலாம். 'அப்பாடா, விட்டுவிட்டது' என்று கார் கண்ணாடி உடைந்திருக்கிறதா என்று பார்க்க வெளியே வருவார்கள். ஆபத்தான மூலை தலைக்கு மேல் வந்து சேரும் நேரம் அதுதான். 2016இல் வர்தா புயலின் கண் கடந்தபோது சென்னையில் காற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடித்தது நினைவிருக்கும். காரணம் வேறு, ஆனால் அமைதியை நம்பக் கூடாது என்பது இங்கேயும் பொருந்தும்.

[திரை: மேகத்தின் அடிப்பாகம், அருகில்.]

அந்த மூலையில் மழை பெய்யாத, தட்டையான கரிய அடிப்பாகம் ஒன்று தெரியும். அதில் ஒரு துண்டு மட்டும் பாளம் போலக் கீழே இறங்கினால் அது சுவர் மேகம். ஒரு மின்கம்பத்தையோ கூரை விளிம்பையோ அடையாளமாக வைத்துக்கொண்டு, மேகத்தின் ஓரத்தை ஒரு நிமிடம் கவனியுங்கள். குடைராட்டினம் போல முழுதும் சுற்றுகிறதா? அடியில் கிழிசல் மேகங்கள் விறுவிறுவென்று மேலே இழுபடுகின்றனவா? வெதுவெதுப்பான காற்று உங்கள் முதுகைத் தாண்டி மேகத்தை நோக்கி ஓடுகிறதா? இதற்கு மேல் பார்க்க வேண்டாம், உள்ளே போங்கள். எல்லாச் சுவர் மேகமும் டொர்னாடோ ஆகாது. ஆனாலும் சுழலும் சுவர் மேகத்தை நின்று ரசிக்கக் கூடாது.

பலர் குழம்புவது ஷெல்ஃப் மேகத்தைப் பார்த்துத்தான். அது மழைக்கு முன்னால் நீண்ட பலகை போல வரும், கூடவே குளிர்ந்த காற்று அடிக்கும். அதன் சரிவு மழையை விட்டு விலகி இறங்கும். சுவர் மேகத்தின் சரிவோ மழைப் பக்கமாக இறங்கும். வெறும் கிழிசல் மேகம் தொங்கினால் பயமில்லை, அது சுற்றாது. வானம் பச்சையாவதை நம்ப வேண்டாம். டொர்னாடோ இல்லாத இடிமழையிலும் பச்சை வரும், பச்சையே இல்லாமல் டொர்னாடோவும் வரும்.

மேகத்துக்கு நேர் கீழே தரையில் புழுதி சுழன்றால், மேலே துதிக்கை பாதிதான் தெரிந்தாலும் டொர்னாடோ தரையைத் தொட்டுவிட்டது. அது இடமோ வலமோ நகராமல் பெரிதாகிக்கொண்டே போவதாகத் தோன்றினால், உங்களை நோக்கித்தான் வருகிறது. இடிச் சத்தம் உருண்டு அடங்கும். இதன் இரைச்சல் சரக்கு ரயில் போல விடாமல் கேட்கும். அது காதில் விழும்போது மீதமிருப்பது நொடிகள்.

[திரை: இரவு. அடிவானத்தில் நீலப்பச்சை ஒளி.]

இரவில் மின்னல் வெளிச்சம்தான் கண். மின்னல் வானத்தில் வெள்ளையாக வெட்டும். தரையை ஒட்டி நீலப்பச்சையாகப் பளிச்சிட்டால் மின்கம்பிகள் அறுகின்றன என்று பொருள். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வசிக்கும் டாலஸ் பகுதியில், 2015 டிசம்பர் 26 அன்று இருட்டிய பிறகுதான் கார்லண்ட் நகரை டொர்னாடோ தாக்கியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் நெடுஞ்சாலையில் வாகனங்களில் இருந்தவர்கள். குளிர்காலம் என்று அசட்டையாக இருக்க முடியாது.

'டொர்னாடோ வாட்ச்' என்றால் வரக்கூடிய சூழல் இருக்கிறது. போனைச் சார்ஜ் செய்து, செருப்பை அல்ல, ஷூவைப் பக்கத்தில் வையுங்கள். 'டொர்னாடோ வார்னிங்' என்றால் ரேடாரிலோ கண்ணாலோ சுழற்சி தென்பட்டுவிட்டது. உடனே ஒதுங்க வேண்டும். ஊர்ச் சைரன் வெளியில் இருப்பவர்களுக்கானது. ஏசி ஓடும் அறைக்குள் கேட்காமல் போகலாம், அதனால் போனில் அவசர எச்சரிக்கையை அணைத்து வைக்காதீர்கள். 2011 மே 22 அன்று ஜாப்ளின் நகரில் 158 பேர் இறந்த பிறகு நடந்த ஆய்வில், முதல் சைரன் கேட்டும் பெரும்பாலோர் உடனே ஒதுங்காமல் இன்னொரு உறுதிக்காகக் காத்திருந்தது தெரியவந்தது.

[திரை: வீட்டு வரைபடம்.]

நிலவறை இருந்தால் அங்கே போங்கள். டாலஸ் வீடுகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. கீழ்த்தளத்தில், நடுவில், ஜன்னல் இல்லாத குளியலறையோ மாடிப்படிக்குக் கீழுள்ள இடமோ போதும். பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டி, மேலே மெத்தையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் வீடு தப்பும் என்பது பொய், அதில் நேரம்தான் வீணாகும். சாலையில் இருந்தால் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்காதீர்கள். 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் அப்படி ஒதுங்கியவர்களில் மூவர் இறந்தார்கள்.

ஒரே சூப்பர்செல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல டொர்னாடோக்களை இறக்குவதுண்டு. இரைச்சல் நின்றாலும், வார்னிங்கில் சொன்ன நேரம் முடியும்வரை அந்த அறையிலேயே இருங்கள்.